அச்சம் வேண்டாம், அடைப்பான் வருகிறது

மார்ச் 3, திங்கள்

சிமெண்ட் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இரண்டு மாதமாக எங்கள் வீட்டு அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்தது. இன்று அதை மீட்டெடுத்தேன். உலகம்மாள் பானையை எதைக் கொண்டு மூடுவாளோ, அது அவள் பாடு.

காரணம் பெஞ்சமின் பிராங்க்ளின். நூலகத்தில் அட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்றில் அவர் வாழ்க்கையைப் படித்தேன். அச்சுத் தொழிலாளி, அரசியல்வாதி, தூதர். இடிதாங்கி கண்டவர். எட்டப் பார்வையையும் கிட்டப் பார்வையையும் ஒரே கண்ணாடியில் வைத்தவர். படிக்கப் படிக்க யாரையோ தெரிந்த ஆளைப் பற்றிப் படிப்பதுபோல் இருந்தது. அப்புறம் புரிந்தது. நானும் தொழிலாளி (மோட்டாருக்குக் காயில் கட்டுவது, முப்பத்தோரு வருடம்). நானும் அரசியல்வாதி (செவலூர்ப் பேரூராட்சித் தலைவர், ஒன்றேகால் வருடம்). நானும் கண்டுபிடிப்பாளன். தூதராக மட்டும் என்னை யாரும் எங்கும் அனுப்பவில்லை.

"அனுப்பினா நல்லாத்தான் இருக்கும், நானும் கொஞ்சம் நிம்மதியா இருப்பேன்" என்றாள் உலகம்மாள்.

அவர் பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியல் போட்டு, வாரத்துக்கு ஒன்றாகப் பழகினாராம். தவறு செய்தால் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. நான் பேச்சடக்கத்தில் ஆரம்பிக்கிறேன். தேவையில்லாமல் பேசினால் ஒரு புள்ளி. எது தேவை, எது தேவையில்லை என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை உலகம்மாளிடம் கொடுத்தேன். இரவு சாப்பாட்டுக்குள் நாற்பத்தோரு புள்ளி. நீதிபதியை மாற்ற முடியுமா என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

இந்த ஊரின் தெருக்குழாய்களுக்கு வாய் உண்டு, மூடத்தான் தெரியாது. குடம் நிறைந்ததும் பெண்கள் இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். மீதித் தண்ணீர் சாக்கடைக்கு. இதற்கு நான் ஒரு கருவி செய்திருக்கிறேன். தலையை அமுக்கினால் தண்ணீர் வரும், கையை எடுத்தால் ஸ்பிரிங் தானே மூடிக்கொள்ளும்.

"ரயில்வே ஸ்டேஷன்ல இருக்குமே, அந்தக் குழாய்தான?" என்றாள் உலகம்மாள்.

இல்லை. அதில் ஸ்பிரிங் உள்ளே இருக்கும். இதில் வெளியே இருக்கிறது.

ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது இதன் பெயருக்குத்தான். ஆட்டோ ஸ்டாப் வால்வு என்று இங்கிலீஷில் வைக்க எனக்கு மனசில்லை. இன்று குளிக்கும்போது வந்தது. தானடைப்பான். தானே அடைப்பதால் தானடைப்பான். ஈரத்துண்டோடு ஓடிவந்து சொன்னேன்.

உலகம்மாள் கரண்டியைக் கீழே போட்டாள். "அடைப்பானா? எங்க அப்பா வீட்டுல அந்தச் சொல்ல வாசல்ல நின்னு சொல்ல விடமாட்டாவ. ஏன்னா..." என்று ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் காலை எட்டு மணிக்குள் பதினேழு புள்ளி ஆகியிருந்தது. கையை நீட்டி அவளைத் தடுத்து, வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பதினெட்டாவது புள்ளி மிச்சம்.

மன உறுதி என்றால் இதுதான்.

மார்ச் 5, புதன்

மன்றக் கூட்டம். துணைத் தலைவர் ஆவுடையப்பன் அரிசி ஆலை வைத்திருக்கிறார், பத்து மாடு வைத்திருக்கிறார், என் நாற்காலியின் மேல் ஒரு கண் வைத்திருக்கிறார். நான் எதைச் சொன்னாலும் நொட்டை சொல்லும் மனிதர். இன்று பெயரைக் கேட்டதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்.

"பேரு பிரமாதம் அண்ணாச்சி! நோட்டீஸ் எல்லாம் யாரு படிக்கா? ஆட்டோவுல மைக்க கட்டி ஊரெல்லாம் சொல்லிருவோம். செலவு என்னுது."

ஒன்றேகால் வருடத்தில் இப்போதுதான் மனிதர் திருந்தியிருக்கிறார். செயல் அலுவலர் ஜெசிந்தா மேடம் நகரத்துக்காரர், "நல்ல தமிழ்ப் பேர் சார்" என்றார். ஏழாவது வார்டு உறுப்பினர் மாடத்தி அக்கா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தது. ஆவுடையப்பன் கைதட்டிய சத்தத்தில் கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஆட்டோ போனது. வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். வாசித்தவனுக்கு மூச்சுப் போதவில்லை, நடுவில் நிறுத்தி நிறுத்தி வாசித்தான்.

"அன்பார்ந்த பொதுமக்களே! நாளை காலை முதல் நமது ஊரில் தெருத்தெருவாகத் தானா... அடைப்பான் வருகிறது! அச்சம் வேண்டாம்! தலைவர் குற்றாலலிங்கம் அவர்களே நேரில் கொண்டுவருவார்!"

குரல் கம்பீரம். தெருவில் ஈ காக்கை இல்லை, எல்லோரும் உள்ளே நின்று உன்னிப்பாகக் கேட்டிருக்கிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

நல்ல நாள், ஒன்றிரண்டு குறைகளோடு.

விடியற்காலையில் ஊரே மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு கிழக்கே போனது. எங்கோ பெரிய சந்தை போலிருக்கிறது. மதியத்துக்குள் பதினாலு தெருவில் கருவியைப் பொருத்திவிட்டேன். எந்தக் குழாயடியிலும் சண்டை இல்லை, குடம் இடிபடவில்லை. முதல் நாளே இவ்வளவு ஒழுங்கு! வீட்டுக்கு வீடு வேப்பிலை கட்டி வைத்திருந்தார்கள். மாவிலைத் தோரணத்துக்கு மாவிலை கிடைக்கவில்லை போலும். என்னைக் கண்டதும் மரியாதையாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பால் வராததால் கடுங்காப்பி.

மூன்று மணிக்கு அலுவலக வாசலில் ஒரு ஜீப். இளவயது டாக்டர் ஒருவர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு இறங்கினார். பேச்சு நடந்தபடியே எழுதுகிறேன்.

"தலைவர் நீங்கதானா? அடைப்பான் எத்தனை இடத்துல சார்?"

"பதினாலு."

"பதினாலா! ஒரே நாள்லயா?"

"காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சேன். இன்னும் ஆறு இடம் பாக்கி. நாளைக்கு முடிச்சிருவேன்."

டாக்டர் ஓர் அடி பின்னால் போனார். "நீங்க... ஆரம்பிச்சீங்களா?"

"பின்ன? என் கையாலதான் வச்சேன். என் சொந்தத் தயாரிப்பு."

"செத்ததை எல்லாம் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணே ஒண்ணு செத்துச்சு. பழைய இரும்புக் கடையில போட்டுட்டேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜெசிந்தா மேடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மார்ச் 8, சனி

அடைப்பான் என்றால் மாட்டு நோயாம். ராத்திரி நன்றாக நின்ற மாடு விடிந்தால் செத்துக் கிடக்குமாம். செத்த மாட்டைத் தொட்டால் மனிதனுக்கும் ஆபத்தாம். நாலெழுத்துப் படித்த எனக்குத் தெரியவில்லை, ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் மாடு கிடையாது. நான் டைனமோவோடு வளர்ந்தவன்.

"ஏன் சொல்லலை?" என்று உலகம்மாளிடம் சத்தம் போட்டேன்.

"சொல்லத்தான வந்தேன். டிராபிக் போலீசு மாதிரி கைய நீட்டுனிய!"

இதற்கும் ஒரு புள்ளி போட்டாள். நியாயமே இல்லை.

மார்ச் 10, திங்கள்

நோய் எதுவும் இல்லை என்று அந்த மாட்டு டாக்டர் வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டார். காகிதத்தை யார் மதிக்கிறார்கள்? பால் சேகரிப்பு நிலையத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள், "செவலூர்ப் பால் கலந்தா நாங்க ஊத்தமாட்டோம்" என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். நான்கு நாளாக எங்கள் ஊர்ப் பாலை எவரும் சீந்தவில்லை.

மாடத்தி அக்கா வீட்டில் இன்னும் மோசம். அதற்குப் புருஷன் இல்லை, இரண்டு பசுமாடுதான் வீட்டை ஓட்டுகின்றன. ஆட்டோ சொன்னதைக் கேட்டு அரண்டு, தம்பி ஊருக்கு மாட்டை ஓட்டிப் போகும்போது ஓடைக்கரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு. கறக்க முடியாது. அடைப்பான் பேர் அடிபட்ட மாட்டைத் தொட அக்கம்பக்கத்தில் ஆளில்லை.

இன்று மாலை ஜெசிந்தா மேடம் ஒரு உறையை நீட்டினார். என் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். இருபத்தோராம் தேதி வாக்கெடுப்பு. மொத்தம் பதினைந்து பேர், ஒன்பது கை உயர்ந்தால் நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆவுடையப்பன் தன்னையும் சேர்த்துச் சரியாக ஒன்பது பேரிடம் வாங்கியிருக்கிறார். எட்டு கையெழுத்து, ஒரு இடது கைப் பெருவிரல் ரேகை. அது மாடத்தி.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். முப்பத்தோரு வருடம் "ஏ காயிலு, மோட்டார் ரெடியா?" என்று கேட்ட வாய்கள் இப்போதுதான் "தலைவரே" என்கின்றன. அதைக் கேட்டுப் பழகிவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

பிராங்க்ளினிடம் இதற்கும் மருந்து இருக்கிறது. தன்னைப் பிடிக்காத ஓர் உறுப்பினரிடம் போய் ஒரு புத்தகத்தை இரவல் கேட்டாராம். கொடுத்தவர் அன்றிலிருந்து நண்பராகிவிட்டாராம். உதவி செய்தவனுக்கு, உதவி பெற்றவன் மேல் பாசம் வரும் என்பது தத்துவம்.

ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டில் புத்தகம் என்று பார்த்தால் ஒரே ஒரு பஞ்சாங்கம் ஆணியில் தொங்கியது. "அண்ணாச்சி, அதக் கொஞ்சம் இரவல் தரணும்" என்றேன்.

மனிதர் முகம் பூவாக மலர்ந்துவிட்டது. தாமே எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். காப்பி கொடுத்தார். வாசல்வரை வந்தார். "எதையும் நல்ல நேரம் பாத்துச் செய்யணும் அண்ணாச்சி. நீங்க பெரிய மனுசன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தத்துவம் வேலை செய்கிறது!

மார்ச் 12, புதன்

நான் ராஜினாமா செய்ய நல்ல நேரம் பார்க்கிறேன் என்று ஊரெல்லாம் பேச்சு. பஞ்சாங்கமே கொண்டுபோயிருக்கிறேனாம். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் துக்கம் விசாரித்தார்கள்.

மார்ச் 13, வியாழன்

காலையில் உலகம்மாள் இட்லித் தட்டை என் முன்னால் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாடத்தி மைனி வீட்டுக்குப் போனீங்களா?"

"நான் போனா ஓட்டுக் கேக்க வந்தேன்னு சொல்லும்."

"ஓட்டப் பத்தி ஒரு வார்த்தை வாயில வந்துச்சு, இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க. அந்த மாடு ரெண்டும் மடி கட்டிக் கத்துச்சு. நான் நாலு நாளா ரெண்டு வேளையும் போயி கறந்துட்டு வாறேன். அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இனி நீங்க போங்க. முறிச்சது நீங்க."

சாயங்காலம் மாடத்தியின் தொழுவத்தைப் பார்வையிட்டேன். கொசுவுக்கு மூட்டம் போட்டிருந்தார்கள், புகையில் கண் ரொம்ப எரிந்தது. மற்றபடி குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. திரும்பி வந்ததும் உலகம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு சொம்பு வெந்நீர் கொடுத்தாள். ராத்திரி சாப்பாட்டில் இரண்டு அப்பளம் கூடுதல்.

மார்ச் 14, வெள்ளி

கறவை பழகுவதற்கு ஒரு கருவி செய்தேன். வெந்நீர்ப் பை ஒன்று, சைக்கிள் டியூப் நான்கு துண்டு. உத்தரத்தில் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் பழகினேன். கட்டைவிரலை மடக்கக் கூடாது என்று உலகம்மாள் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

இந்தக் கருவிக்குப் பெயர் வைக்கவில்லை.

மார்ச் 15, சனி

வெந்நீர்ப் பை உதைக்காது. மாடு உதைக்கும்.

காலை ஐந்து மணிக்குப் போனேன். மாடத்தி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கட்டளை போட்டது. "ஏ அண்ணாச்சி, மாட்டுக்கிட்ட மேடையில பேசுற மாதிரிப் போவாதிய. பக்கவாட்டுல போங்க. மொதல்ல முதுகத் தடவிக் குடுங்க." தடவினேன். உட்கார்ந்தேன். முதல் உதையில் செம்பு போனது, இரண்டாவதில் கண்ணாடி போனது. மொத்தம் அரை லிட்டர். கையில் இரண்டு விரல் மரத்துவிட்டது.

மாடத்தி சிரிக்கவே இல்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

ஒன்றேகால் லிட்டர். உதை மூன்று.

மார்ச் 17, திங்கள்

ஆட்டோவை மறுபடி பிடித்தேன். இந்த முறை எழுதிக் கொடுக்கவில்லை, நானே உள்ளே உட்கார்ந்து மைக்கைப் பிடித்தேன். "நான் குத்தாலலிங்கம் பேசுதேன். அன்னைக்குச் சொன்னது நோய இல்ல, குழாயில வைக்கிற ஸ்பிரிங்க. மாட்டப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதுன்னு யார்கிட்டயாவது கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னுது" என்று பதினாலு தெருவிலும் சொன்னேன். ஆறாவது தெருவிலிருந்து தொண்டை கட்டிவிட்டது.

பெயரையும் எடுத்துவிட்டேன். மதியத்துக்குள் பெண்களே வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அமுக்குக் குழாய்! ஒரு மாதம் யோசித்தவனுக்கு இப்படி ஒரு கதி.

பிறகு மாடத்தி வீட்டுப் பாலைக் கேனில் ஊற்றி, என் டிவிஎஸ் வண்டியில் கட்டி, பால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். பால் வேனுக்கு முன்னால் நின்று ஒரு தம்ளர் பாலைக் காய்ச்சி வாங்கி எல்லோரும் பார்க்கக் குடித்தேன். அடைப்பான் இருந்தால் முதலில் போவது நானாக இருக்கட்டும் என்று சொன்னேன். ஒருவர், "அப்ப நாளைக்குப் பாப்போம்" என்றார்.

வெறும் பால் எனக்குச் சேராது. வண்டியை வழியில் மூன்று முறை நிறுத்தவேண்டி வந்தது.

மார்ச் 18, செவ்வாய்

உயிரோடு வந்து நின்று மறுபடி குடித்தேன். வழியில் இரண்டு முறை.

மார்ச் 19, புதன்

மூன்றாவது தம்ளரைக் கையில் எடுத்தபோது வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "யோவ், போதும்யா! மனுசன் வயித்தக் கெடுக்காதிய. செவலூர்ப் பால ஏத்துங்க" என்று சத்தம் போட்டார். ஏற்றிவிட்டார்கள். எங்கள் ஊர் கேன்கள் பத்தொன்பதும் வேனில் ஏறின. மாடத்தியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, சாயங்காலம் வெள்ளனே வாங்க. நேத்து லேட்டு" என்றது.

இரண்டே முக்கால் லிட்டர். உதை ஒன்று.

உலகம்மாள் இந்த வாரம் முழுக்க ஒரு புள்ளிகூடப் போடவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது, நானும் நினைவுபடுத்தவில்லை.

மார்ச் 20, வியாழன்

நாளை வாக்கெடுப்பு. இன்று தொழுவத்தில் இரண்டு வேளையும் ஓட்டு என்ற சொல் தொண்டையில் வந்து வந்து நின்றது. விழுங்கினேன். ஒரு தடவை "அக்கா, நாளைக்கு..." என்று ஆரம்பித்துவிட்டேன். மாடத்தி திரும்பிப் பார்த்தது. "நாளைக்குப் பருத்திக்கொட்டை வாங்கணும்லா?" என்று முடித்தேன்.

போய்விடும். தெரிகிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்கெல்லாம் ஆவுடையப்பன் வீட்டில் விருந்தாம். நாற்காலியில் நாளைக்கு மதியம்வரை உட்காரலாம்.

மார்ச் 21, வெள்ளி

பதினொரு மணிக்குக் கூட்டம். மேலே இருந்து ஓர் அதிகாரி வந்து நடத்தினார். ஆவுடையப்பன் பட்டு வேட்டி கட்டியிருந்தார்.

"தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் அதிகாரி. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா மேடம் எண்ணினார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. அத்தோடு நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். மாடத்தி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏ மாடத்தி, தூக்கு!" என்றார் ஆவுடையப்பன்.

"வலது கை வராது."

"அப்ப எடது கையத் தூக்கு! ரேகை வச்சேல்லா? இந்த மனுசனாலதான கை முறிஞ்சுது?"

"ஆமா. இவராலதான் முறிஞ்சுது. அதுக்குத்தான் ரேகை வச்சேன்." மாடத்தி எழுந்து நின்றது. "அன்னைக்குப் பேரு வைக்கும்போது, அது நோயிப் பேருல்லான்னு நான் சொல்ல வந்தேன். பத்து மாடு வச்சிருக்கிற நீங்க, தெரிஞ்சும் கைதட்டுனிய. இவருக்குத் தெரியல, எனக்குக் கை போச்சு. உங்களுக்குத் தெரிஞ்சுது, அப்பவும் எனக்குத்தான் கை போச்சு. மறுநா காலைல என் வீட்டு வாசல்ல பேப்பரோடு வந்து நின்னிய. என் மாட்ட ஒரு பார்வை பாத்தியளா? இந்த மனுசன் ஆறு நாளா வந்து உதை வாங்குதாரு. ஓட்டுன்னு ஒரு வார்த்தை கேக்கல. இப்பத்தான் மாடு அவரு கைக்கு எறங்கி வருது." அதிகாரியைப் பார்த்தது. "ஐயா, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கை மாத்துனா மாடு கறக்காது. நான் மாத்தமாட்டேன்."

அறையில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கை தூக்கிய எட்டுப் பேரில் நான்கு பேர் சிரித்துக்கொண்டே கையைக் கீழே போட்டார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அழுதேன். இன்றைக்கு அந்த அறையில் புகை கிடையாது, எழுதாமல் விட்டாலும் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள்.

வாசலில் மாடத்தி என்னை நிறுத்தியது. "அண்ணாச்சி, கட்டுப் பிரிக்க இன்னும் மூணு வாரம் கெடக்கு. தலைவரு வேலையெல்லாம் ஏழு மணிக்கு மேல வச்சுக்கிடுங்க."

மார்ச் 22, சனி

காலை ஐந்து மணி. மூன்றரை லிட்டர். உதை இல்லை.